மாமாவின் ஏலமும் வங்கியின் ரூலும்: ஓடுகிற தகவலைப் படிக்கும் மென்பொருள்

(இந்த எபிசோடின் பேச்சு, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடை வாலிநோக்கத்துல உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி இரைச்சல் கேட்டா மைக்கைத் திட்டாதீங்க, அது கடல். ஊர் தெரியாதவங்களுக்கு: ராமநாதபுரம் மாவட்டம், கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவில், மன்னார் வளைகுடா ஓரத்துல இருக்கிற ஊர். என் உம்மாவோட ஊர்.

போன மாசம் மாமாகிட்ட இருந்து போன் வந்தது. "மருமவனே, என் அக்கவுண்டைப் பூட்டிப்புட்டாங்க. நான் என்ன திருடனா?"

மாமா இங்கே கரையில் மீன் ஏலம் விடுகிறவர். வல்லம் கரைக்கு வந்ததும் கணவாய், நண்டு, பாறை எதுவானாலும் அவர் முன்னால்தான் குவியும். வியாபாரிகள் கேட்பார்கள், அவர் விலையை முடிப்பார். காசு அவர் கணக்குக்கு வரும். கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைப் படகுக்காரருக்கும், கடலுக்குப் போனவர்களுக்குப் பங்காகவும் உடனே அனுப்பிவிடுவார். முன்பு இதெல்லாம் ரொக்கம். இப்போது எல்லாமே யூபிஐ.

அன்றைக்கு நல்ல கணவாய்ப் பாடு. காலை 6:30 முதல் 7:15க்குள் 22 பேர் காசு போட்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வெளியூர் வியாபாரிகள், முதல் தடவை வந்தவர்கள். அதே வேகத்தில் மாமா 19 பேருக்குப் பங்கை அனுப்பியிருக்கிறார். ஏழரைக்குக் கணக்கில் மிச்சம் 2,000 ரூபாய்கூட இல்லை. பதினோரு மணிக்கு டீசல் போடப் போன இடத்தில் பேமெண்ட் போகவில்லை. கணக்கு முடக்கப்பட்டுவிட்டது.

கிளையில் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். "பாய், நான் ஒண்ணும் பண்ணல. சிஸ்டம் பிடிச்சிருக்கு. நிறைய புதுப் புது ஆளுங்ககிட்ட இருந்து வந்திருக்கு, வந்த வேகத்துல வெளிய போயிருக்கு. அதான்."

கணக்கைத் திரும்பத் திறக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் இரண்டு படகுக்காரர்கள் வேற ஏலக்காரரிடம் போய்விட்டார்கள். ஐஸ் கடையில் கடன் சொல்லி ஓட்டியிருக்கிறார் மாமா.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. சென்னையில் என் வேலையே இதுதான். வேறொரு நிறுவனத்துக்காக, ஓடுகிற பணப் பரிவர்த்தனைகளில் சந்தேகமானதைப் பிடிக்கும் ரூல்களை எழுதுகிற டீமில் இருக்கிறேன். மாமாவைப் பிடித்த ரூல் நான் எழுதினது இல்லை. ஆனா கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணு நான் எழுதியிருக்கேன். அதனால இந்த எபிசோட்ல அந்த மென்பொருள் எப்படி வேலை செய்யுது, அது எங்கே தடுக்கி விழுது, ரெண்டையும் சொல்லப் போறேன்.

நிகழ்வு என்றால் என்ன

ஆங்கிலத்தில் இதை காம்ப்ளெக்ஸ் ஈவென்ட் ப்ராசசிங் என்பார்கள், சுருக்கமாக சிஇபி. பேரைக் கேட்டதும் பயம் வரும். முதலில் ஈவென்ட், அதாவது நிகழ்வு. "6:41க்கு இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு 3,200 ரூபாய் போனது." இது ஒரு நிகழ்வு. நடந்த ஒரு விஷயம், அது நடந்த நேரம், அவ்வளவுதான். படகில் இருக்கும் கருவி "நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்று அனுப்புவதும் நிகழ்வு. நீங்கள் சாப்பாட்டு ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டுவதும் நிகழ்வு. இவை நிற்காமல் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் அது நிகழ்வு ஓட்டம்.

அடுத்து, காம்ப்ளெக்ஸ். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இந்த இடத்தில் அதற்குச் "சிக்கலான" என்று பொருள் இல்லை. பல சின்ன நிகழ்வுகள் சேர்ந்து உண்டாகிற ஒரு பெரிய நிகழ்வு என்று பொருள். கூட்டு நிகழ்வு என்று சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் லக்கம் 2002ல் எழுதிய 'தி பவர் ஆஃப் ஈவென்ட்ஸ்' என்கிற புத்தகம்தான் இந்தச் சிந்தனையைத் தொழில் உலகத்துக்குப் பரவலாகக் கொண்டுபோனது.

ஒரு உதாரணம். தெருவில் பந்தல் போடுறாங்க. வாழை மரம் வந்து இறங்குது. ஸ்பீக்கர் கட்டுறாங்க. நாற்காலி வருது. யாருமே உங்ககிட்ட "கல்யாணம்"னு சொல்லலை. நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க. கண்ணால் பார்த்தது நாலு சின்ன நிகழ்வு. மனசுல முடிவு பண்ணினது ஒரு கூட்டு நிகழ்வு. இதே வேலையை, வினாடிக்கு ஆயிரக்கணக்கான நிகழ்வுகள் மேல் செய்வதுதான் சிஇபி மென்பொருள்.

வலை நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது

நாம் பழகிய டேட்டாபேஸ், ஐஸ் பெட்டி மாதிரி. மீனை முதலில் உள்ளே வைக்கிறோம். பிறகு எப்போதாவது திறந்து "கணவாய் எத்தனை கிலோ இருக்கு?" என்று கேட்கிறோம். தகவல் சும்மா கிடக்கிறது, கேள்வி வந்து போகிறது.

சிஇபியில் இது தலைகீழ். ஓடுகிற நீரில் கட்டி வைத்த வலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலை அசையாமல் நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. இங்கே கேள்விதான் முதலில் வந்து காத்திருக்கிறது. தகவல் அதைக் கடந்து போகிறது. பொருந்துகிறது மட்டும் மாட்டிக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு அவசரம்? யூபிஐ 2016ல் வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடி. சராசரி போட்டால் வினாடிக்கு 7,400க்கு மேல். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ராத்திரி உட்கார்ந்து பார்க்கலாம் என்றால், மோசடிக்காரர் சாயங்காலமே காசை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இது. உங்க அம்மாவை போனில் மிரட்டிப் பணம் அனுப்ப வைக்கிறார்கள் என்று வையுங்கள். அந்தப் பணம் நேராக மோசடிக்காரர் கணக்குக்குப் போகாது. கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விட்ட ஒருவரிடம் போகும். அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரியும். இப்படிப்பட்ட இடைக் கணக்கை மியூல் அக்கவுண்ட் என்கிறார்கள், சுமை தூக்கும் கோவேறு கழுதை என்கிற அர்த்தத்தில். இதைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் கண்டுபிடிப்பு மையம் மியூல்ஹன்டர்.ஏஐ என்று ஒரு கருவியே உருவாக்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அந்த அளவுக்குப் பிரச்சினை பெரிசு. அதனால, ரூலே வேண்டாம்னு நான் சொல்ல வரலை.

ரூல் எப்படி இருக்கும்

தமிழிலேயே எழுதிப் பார்ப்போம். "ஒரு கணக்குக்கு 10 நிமிடத்துக்குள், இதற்கு முன் அனுப்பாத 8 பேரிடமிருந்து பணம் வந்து, அதன் பிறகு 30 நிமிடத்துக்குள் அதில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியே போனால், எச்சரி." எண்கள் நான் சும்மா போட்டவை. ஆனால் ரூலின் உடம்பு இதுதான். இதில் மூன்று விஷயங்களைக் கவனிங்க.

ஒன்று, ஜன்னல். முடிவே இல்லாத ஓட்டத்தில் எதையும் எண்ண முடியாது. எங்கிருந்து எதுவரை என்று ஒரு சட்டம் வேண்டும். அதைத்தான் விண்டோ என்கிறார்கள். 6:00 முதல் 6:10, 6:10 முதல் 6:20 என்று பெட்டி பெட்டியாக வைத்தால் ஒரு ஓட்டை விழும். 6:08க்கும் 6:12க்கும் நடுவில் வந்த எட்டுப் பேர், நாலு நாலாக இரண்டு பெட்டிக்குள் பிரிந்து தப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நிகழ்வு வரும்போதும் "இதற்கு முந்தைய 10 நிமிடம்" என்று நகர்ந்துகொண்டே போகிற ஜன்னலை வைக்கிறோம்.

இரண்டு, வரிசை. முதலில் வரவு, பிறகு செலவு. இதே தொகைகள் தலைகீழ் வரிசையில் நடந்திருந்தால் அர்த்தமே வேறு.

மூன்றாவது, இந்த ரூலில் இல்லாத ஒன்று: இன்மை. நடக்க வேண்டியது நடக்காமல் போவதும் ஒரு செய்திதான். இதைக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை கரையில் நிற்கிறவர்கள் வந்த படகுகளை மட்டும் பார்ப்பதில்லை, வராத படகையும் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு இது கஷ்டம். வந்த செய்தி கதவைத் தட்டும், வராத செய்தி தட்டாது. அதனால் "ஆர்டர் வந்தது, ஆனால் 20 நிமிடத்துக்குள் யாரும் எடுக்கவில்லை" போன்ற ரூலுக்கு மென்பொருள் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, தாமதம். ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்துகிறார்கள். எல்லை நெருங்கினால் எச்சரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. மன்னார் வளைகுடாவில் இலங்கையோடு கடல் எல்லை 1976 ஒப்பந்தத்தில் போடப்பட்டது. தண்ணீர் மேல் கோடு தெரியாதே, அதனால் இது பெரிய விஷயம். இப்போ பொதுவா யோசிங்க. ஒரு படகு 6:05க்கு அனுப்பிய இடம், 6:15க்கு அனுப்பியதற்குப் பிறகு வந்து சேர்ந்தால்? வந்த வரிசையிலேயே படித்தால் படகு திரும்பிவிட்டது போலத் தெரியும். நிஜத்தில் அது எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதனால் நடந்த நேரம் வேறு, வந்து சேர்ந்த நேரம் வேறு என்று பிரித்துப் பார்க்கணும். தாமதமாக வருவதற்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் ஒருத்தர் முடிவு பண்ணணும். அதிகம் காத்திருந்தால் சரியாகச் சொல்லலாம், ஆனால் நேரம் போயிருக்கும். குறைத்தால் சீக்கிரம் சொல்லலாம், தப்பாகவும் சொல்லலாம்.

அக்கரையிலிருந்து வந்த சித்தி

இந்த மென்பொருளை யார் செய்தார்கள்? ஆரம்பத்தில் பங்குச் சந்தைக்காரர்கள்தான் இதற்குக் காசு கொடுத்தார்கள். 1999ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அபாமா, அமெரிக்காவின் ஸ்ட்ரீம்பேஸ் போன்ற நிறுவனங்கள், விலை அசையும் அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கும் மென்பொருளை விற்றன. 2011ல் லிங்க்டுஇன், காஃப்கா என்கிற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. நிகழ்வுகளை வரிசை குலையாமல் சேர்த்து, கேட்கிற எல்லாருக்கும் கொடுக்கிற பெரிய வாய்க்கால் அது. பிறகு இந்தத் தொழில்நுட்பம் எல்லார் கைக்கும் வந்தது.

அதே 2011ல், இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு விஷயம் நடந்தது. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு சிஇபி எஞ்சின் செய்தார்கள். பெயர் 'சித்தி'. நம்ம வீட்டுச் சித்தி இல்லைங்க, கைகூடுதல் என்கிற அர்த்தத்தில் வரும் சித்தி. அதைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் முதலில் இருக்கும் பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா சுஹோதயன். கொழும்பில் வேர்விட்ட டபிள்யூஎஸ்ஓ2 என்கிற மென்பொருள் நிறுவனம் அதை எடுத்துத் தன் தயாரிப்புக்குள் வைத்து வளர்த்தது. திறந்த மூலம் என்பதால் மற்றவர்களும் எடுத்தார்கள். ஈபே உருவாக்கிய பாதுகாப்புக் கண்காணிப்புக் கருவியான அப்பாச்சி ஈகிளுக்குள் சித்தி இருக்கிறது. உபர் பொறியாளர்களும் சித்தியைப் பயன்படுத்தியதைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறார்கள்.

சித்தியில் ரூல் எழுதுவது டேட்டாபேஸ் கேள்வி எழுதுவது மாதிரியேதான் இருக்கும். "இது நடந்து, பிறகு அது, இவ்வளவு நேரத்துக்குள்" என்று நாலைந்து வரி. அதுதான் இதன் பலம். நாலு வரியில் லட்சம் பேரைக் காப்பாத்தலாம். அதே நாலு வரியில் என் மாமாவையும் பூட்டலாம்.

ஒரே ஓட்டம், இரண்டு பெயர்

திரும்பவும் அந்தக் காலைக்கு வருவோம். 22 வரவு, 19 செலவு. மொத்தம் 41 சின்ன நிகழ்வுகள். கரையில் நின்று பார்த்தவர் யாரைக் கேட்டாலும், அதற்குப் பெயர் ஏலம். வங்கியின் மென்பொருளைக் கேட்டால் மியூல் அக்கவுண்ட். இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஓட்டம்.

மென்பொருள் தப்பாக எண்ணவில்லை. 41 என்பது 41தான். வேகமும் சரி, வரிசையும் சரி. அந்த வடிவத்துக்கு "மோசடி" என்று பெயர் வைத்தது ஒரு மனிதர். மாசம் பிறந்தா சம்பளம் வந்து, மெதுவா செலவாகிற கணக்குதான் சாதாரணக் கணக்கு என்று நினைக்கிற ஒரு மனிதர். என்னை மாதிரி. ஏலக்காரர், கோயம்பேட்டில் காய் மொத்தமாக எடுத்துப் பிரிக்கிறவர், சீட்டுக் காசு வசூலிக்கிற அக்கா, கல்லூரி டூருக்குக் காசு சேர்க்கிற பையன் இவங்க எல்லாருடைய கணக்கும் அப்படி இருக்காது. உடனே வந்து உடனே போகும்.

"கொஞ்சம் தப்பு நடக்கத்தானே செய்யும்?" என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். ஒரு ரூல் லட்சத்தில் ஒரு தடவைதான் தப்பு செய்கிறது என்று வையுங்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. மாசத்துக்கு 2,000 கோடிப் பரிவர்த்தனையில் அது 2 லட்சம் தப்பு. ஆபீஸ் டாஷ்போர்டில் அது ஒரு புள்ளிக்குப் பின்னால் நாலு சைபர் போட்ட எண். கரையில் அது ஒன்பது நாள்.

சரி, என்ன பண்ணலாம்? முதலில், ஓட்டத்தோடு சூழலையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கில் இதே விடியற்கால நேரத்தில் இதே வடிவம் இரண்டு வருஷமாக நடக்கிறதா? காசு போகிற 19 பேரும் வழக்கமாக வாங்குகிறவர்களா? மாமா விஷயத்தில் இரண்டுக்கும் ஆமாம்தான் பதில். வரவு புது ஆட்களிடமிருந்து, செலவு பழைய ஆட்களுக்கு. மியூல் கணக்கில் பெரும்பாலும் இந்தப் பழைய ஆட்கள் இருக்க மாட்டார்கள். ரூலில் இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

அடுத்து, கண்டுபிடிப்பது வேறு, தண்டிப்பது வேறு. ரூல் பொருந்தியதும் நேராக முடக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்த அந்த ஒரு பரிவர்த்தனையை நிறுத்தி வைக்கலாம். போன் பண்ணிக் கேட்கலாம். சந்தேகம் கூடக் கூடப் பிடியை இறுக்கலாம். மூன்றாவதாக, எந்த ரூல், எந்த நிகழ்வுகளால் பொருந்தியது என்பது கிளை மேனேஜர் திரையில் தெரிய வேண்டும். சித்தி மாதிரி ரூல் வைத்து ஓடுகிற எஞ்சினில் இதைக் காட்டுவது பெரிய கஷ்டமே இல்லை. காட்டணும்னு நாமதான் நினைக்கலை. கடைசியாக, "இது தப்பான பிடிப்பு" என்று தெரிந்தால் அது ரூல் எழுதினவரிடம் திரும்பி வர வேண்டும். என் மேஜைக்கு அப்படி ஒரு கேஸ்கூட, பெயரும் ஊருமாக, இதுவரை வந்ததில்லை. எண்ணிக்கையாகத்தான் வரும். மாமா போன் பண்ணியதுதான் முதல் கேஸ்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி நடந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்க. வங்கிக்குப் புகாரையும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வியாபாரக் காசு நிறைய வந்து போகிறது என்றால், சொந்த சேமிப்புக் கணக்கில் வாங்காமல் வியாபாரத்துக்கென்று தனி நடப்புக் கணக்கும் கியூஆரும் வைப்பது நல்லது. ஏலச் சீட்டைக் கிழித்துப் போடாதீங்க. கணக்கைத் திறக்க மாமாவுக்கு உதவியது அந்தச் சீட்டுக் கட்டுதான். மோசடியில் பணம் இழந்தவர்கள் என்றால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930க்கு அழைங்க.

நேத்து சாயங்காலம் மாமாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். ஜன்னல், வரிசை, இன்மை எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அந்த ரூல் எழுதுன புள்ளைய ஒரு நாள் காலைல இங்க கூட்டிட்டு வா மருமவனே. ஏலத்தைப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவரை எனக்குத் தெரியாது. அதனால நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நானே போய் நிக்கப் போறேன், நோட்டோட. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் என் ரூலில் சேர்க்க வேண்டிய வரிக்கு அதிலிருந்து குறிப்பெடுக்கணும்.

உங்க தொழில்லயும், வெளியே இருந்து பார்த்தா தப்பாத் தெரியுற வழக்கம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.